தூளி தொய்ந்ததற்குக் குழந்தையா காரணம்? கருப்பை இறக்கம்: கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 33 வயதில் எனக்கே அடி இறங்கியது, அதாவது கருப்பை தன் இடத்திலிருந்து கீழே சரிந்தது. 36 வயதில் கருப்பையை எடுத்துவிட்டேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. குளிக்கும்போது கீழே உருண்டையாக ஏதோ கையில் தட்டுப்படுகிறது. மாலையானால் அடிவயிறு கனக்கிறது. புற்றுநோயாக இருக்குமோ அக்கா? (வயது 28)

நீங்கள் சொல்வது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, இறக்கத்தின் அறிகுறி. இறங்குவது கருப்பையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல சமயம் சிறுநீர்ப்பையைத் தாங்கும் யோனியின் முன்சுவர்தான் பிதுங்கும். மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, இறக்கத்தின் அளவைச் சொல்லும் நான்கு நிலைகளில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவம் முடிந்த முதல் ஆண்டில் தசைகள் ஓரளவு தேறும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருப்பதாலும் தளர்வு கூடுதலாகத் தெரியும். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, வெளியே வந்த பகுதி புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சியை மூன்று வாரமாகச் செய்கிறேன். பலனே இல்லை. (வயது 30)

மூன்று வாரம் போதாது; நான்கு மாதமாவது வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். நாலு பேர் நடுவில் வாயுவை அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளிழுத்து மேலே தூக்குங்கள், மூச்சைப் பிடிக்காமல். அப்படியே சில நொடிகள் வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை. முதல் இரண்டு நிலைகளில் இது நன்றாக உதவும். முழுதாக வெளியே தொங்குவதை எந்தப் பயிற்சியும் உள்ளே அனுப்பாது. மலச்சிக்கலோடு முக்கிக்கொண்டிருந்தால் காலையில் செய்த பயிற்சியெல்லாம் கழிவறையில் வீணாகிவிடும்.

இரண்டு பிள்ளைகள் பெற்றாகிவிட்டதே, கருப்பையை எடுத்துவிடுங்கள் என்கிறார் மருத்துவர். (வயது 34)

இந்த “பெற்றாகிவிட்டதே” என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். தூளி தொய்ந்தால் கயிற்றைப் பார்ப்போமா, குழந்தையைத் தூக்கி எறிவோமா? தளர்ந்தது தசையும் இணைநார்களும்தான். கருப்பை அதன் மேல் இருக்கிறது, அவ்வளவே. அதை எடுத்த பிறகும் யோனியின் மேல்முனை இறங்கக்கூடும் என்பதால், மேலே எப்படி இழுத்துக் கட்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். கருப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் அறுவை சிகிச்சைகளும் உண்டு. மும்பையில் மகப்பேறு மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதற்கு வழி கண்டவர்கள். தாங்கலுக்குச் செயற்கை வலை வைப்பதாகச் சொன்னால், வயிற்று வழியாகவா யோனி வழியாகவா என்று கேளுங்கள். இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2023இல் உத்தரவிட்டது. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

நான் எடுத்துக்கொண்டதற்கு இறக்கத்தோடு நார்க்கட்டியும் ஓயாத உதிரப்போக்கும் காரணம். எடுத்ததில் வருத்தமில்லை. ஐந்தாவது வாரமே கேஸ் சிலிண்டரை நகர்த்தினேன் பாருங்கள், அதற்குத்தான் இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இன்னொரு குழந்தை வேண்டும். அதுவரை என்ன செய்வது? (வயது 31)

யோனிக்குள் வைத்து இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கும் பெஸரி என்ற சிலிக்கோன் வளையத்தைப் பற்றிக் கேளுங்கள். சரியான அளவு அமைய இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களே கழற்றிக் கழுவிப் போடப் பழகலாம். அறுவை சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உடம்பு கொதிக்கிறது, தூக்கம் இல்லை. (வயது 37)

ஒரே நாளில் மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளாதீர்கள். மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதான ஐம்பது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளச் சொல்வதே வழக்கம். எலும்பும் இதயமும் அதை நம்பி இருக்கின்றன.

மனைவிக்குக் கருப்பை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். இன்னும் படுத்தே கிடக்கிறாள் என்கிறார் என் அம்மா. (கணவர்)

மெதுவாக நடக்கட்டும், கனம் தூக்க ஆறு வாரமாவது ஆகட்டும். தாம்பத்தியமும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். அதுவரை குடம், மாவு வாளி, பெரிய பிள்ளை எல்லாம் உங்கள் இடுப்புக்கு, தம்பி. அம்மாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும்.

கருப்பையை எடுத்த பிறகு, வளைகாப்பில் வளையல் போட என்னைக் கூப்பிடவில்லை. நான் இன்னும் பெண்தானா அக்கா? (வயது 32)

நானும் அப்படி ஒரு வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். தேற ஒரு வருடம் ஆனது. தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வளையல் போடக் கூப்பிடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. நான் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்.