அந்தமானில் கரண்ட், தண்ணீர் இரண்டையும் பஞ்சாயத்து, நகராட்சி கையிலேயே கொடுத்துவிட்டால் நிலைமை மாறுமா?

தண்ணீரில் மாறும். கரண்டில், அதைத் தயாரிக்கும் டீசலுக்குப் பணம் யார் கட்டுவது என்று எழுதி வாங்காமல் கை நீட்டினால் மாட்டிக்கொள்வோம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வேலைக்கு இங்கே வந்து முதல் கோடையைப் பார்க்கிறவர் என்று தோன்றுகிறது. நான் பிறந்து வளர்ந்ததே தெற்கு அந்தமானில்தான்.

என் அப்பா டிஆர்எம், அதாவது தினக்கூலி மஸ்தூர். வால்வு திறந்து மூடுவது அவர் வேலை. எந்த அலுவலகம், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் எங்களுக்குத் தண்ணீர். விடிகாலையில் சிமெண்ட் பலகையைத் தூக்கி, டி வடிவ இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருப்புவார். பதினான்கு சுற்று திருப்பினால்தான் மேட்டுத் தெருவுக்கு ஏறும். அதற்கும் இருபது நிமிடம் ஆகும். பிறகு மேலேயிருந்து 'பானி ஆ கயா' (தண்ணீர் வந்துவிட்டது) என்று இந்தியில் யாராவது கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா பீடி பற்றவைப்பார்.

ஒரு கோடையில் புது அதிகாரி வந்தார். எல்லாத் தெருவுக்கும் சமமாக அரை மணி நேரம் என்று உத்தரவு. காகிதத்தில் நியாயம்தான். ஆனால் மேட்டுத் தெருவுக்குக் குழாய் நிறையவே இருபது நிமிடம் போய்விடும், மிச்சம் பத்து நிமிடம். அப்பா பள்ளத் தெருவில் பத்து நிமிடம் குறைத்து மேட்டுக்குக் கொடுத்தார். புகார் போனது, அவரை வால்விலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு தெருப் பெண்களும் ரேஷன் கடை வாசலில் பேசி, பழைய முறையே போதும் என்று ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். வார்டு உறுப்பினரால் அதை மேலே அனுப்பத்தான் முடிந்தது. பதில் வந்தபோது மே மாத மழை தொடங்கியிருந்தது.

இன்னொன்று: தண்ணீர் முறை வரும் காலையிலேயே கரண்ட் போகும், பம்பு நிற்கும். இரண்டும் வேறு வேறு அலுவலகம். ஒருவருக்கொருவர் போன் போட்டிருந்தால் போதும். இதற்காகத்தான் உள்ளூர்க் கை வேண்டும் என்கிறேன்.

'உள்ளூர் ஆட்களிடம் கொடுத்தால் ஊழல்தான்' என்று சிலர் கிளம்புவீர்கள். இருக்கலாம். ஆனால் உள்ளூர் ஆளை வீட்டு வாசலில் போய்க் கேட்க முடியும். இங்கே சட்டசபை கிடையாது, ஒரே ஒரு எம்.பி., மேலே துணைநிலை ஆளுநர். கேட்க வேறு வாசல் இல்லை. சட்டமும் தடையாக இல்லை. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் பஞ்சாயத்துக்குக் குடிநீரும் மின்விநியோகமும் இருக்கின்றன. 12ஆவதில் நகராட்சிக்குத் தண்ணீர் உண்டு, மின்சாரத்தில் தெருவிளக்கு மட்டும்தான். ஆனால் அட்டவணையில் இருந்தால் போதாது, அணையும் வால்வும் ஆட்களும் சேர்ந்து கைக்கு வர வேண்டும். போர்ட் பிளேருக்கு (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம், எனக்கு வாயில் இன்னும் வரவில்லை) தனிக்காரி அணையை நம்பித்தான் பிழைப்பு. வருடத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்தும் ஏப்ரலில் குடத்தோடு நிற்கிறோம்.

கரண்ட் கதை வேறு. 2020இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வந்துவிட்டது, மின்கம்பி வரவில்லை. வடக்கே கல்பாங் நீர்மின் நிலையம் 5.25 மெகாவாட், போர்ட் பிளேரில் கொஞ்சம் சோலார். மற்றதெல்லாம் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசல். உற்பத்திச் செலவில் ஒரு பகுதிதான் பில்லில் வருகிறது, மீதியை மத்திய அரசு தாங்குகிறது. அந்தப் பணத்தை நிறுத்திவிட்டுப் பொறுப்பை மட்டும் கொடுத்தால் எந்தப் பஞ்சாயத்து தாங்கும்? அதே 2020இல் யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். நான் கேட்பது அது இல்லை, இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். போன வருடம் அத்தை தூத்துக்குடியில் இறந்தபோது கப்பலில் இடமில்லை, விமான டிக்கெட் எங்கள் கைக்கு எட்டவில்லை. அப்பா தன் அக்கா முகத்தை வீடியோ காலில்தான் பார்த்தார். இங்கே எங்களைப் பற்றிய எந்த முடிவும் கடல் தாண்டித்தான் வருகிறது.

நீங்கள் மனு எதுவும் எழுதுவதாக இருந்தால், தண்ணீர் முறை அட்டவணையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வார்டுக்கு வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றதைப் பிறகு கேட்கலாம்.