“எழுதி என்ன பிரயோசனம்?” – வெம்பிளி வாசகிக்கு

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் பல வருடமாக லண்டன் வெம்பிளியில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 53. முடக்குவாதத்தால் கைவிரலும் இடுப்பும் ஒத்துழைக்காமல் பேக்கரி வேலையை விட்டுவிட்டார். சமைக்க உயரமான ஸ்டூல், ஷவருக்குள் ஒரு இருக்கை, கழிப்பறையில் கைபிடி, காற்சட்டை போட என் உதவி – இந்த நான்குக்கும் இரண்டிரண்டு புள்ளி போட்டு, 8 புள்ளியில் பிப் (நீண்டகால நோயும் இயலாமையும் உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு) கொடுத்தார்கள். அவரைப் பார்ப்பதற்காக எனக்குக் கேரர் அலவன்ஸ் வருகிறது. 2025இல் அரசாங்கம் பிப்பைக் குறைக்கப் போகிறது என்று கதை வந்து, மக்களிடம் கருத்தும் கேட்டார்கள். மகன் எழுதுவோம் என்றான். இவர் விடவில்லை. “எழுதினால் எங்கள் பைலைத் தூக்கிப் பார்ப்பார்கள், இருப்பதும் போய்விடும்” என்றார். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். இப்போது ஏதோ ஆய்வு நடக்கிறதாம், திரும்பவும் கேட்பார்களாம். எழுதி என்ன பிரயோசனம்? எழுதினால் ஏதும் பிரச்சினை வருமா? எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. எப்படி எழுதுவது?

– ஒரு வாசகி, வெம்பிளி

பதில்:

தங்கச்சி, முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது தீராவிட்டால் மற்றது எதுவும் காதில் ஏறாது.

பொதுக்கருத்துக் கேட்புக்கு எழுதுவதும் பிப் விண்ணப்பமும் வேறு வேறு. கருத்துச் சொல்லும்போது உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரையோ, பிப் கடிதத்தில் இருக்கும் எண்ணையோ எழுதத் தேவையில்லை. எழுதவும் வேண்டாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் சொன்னதையே இங்கேயும் சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம் குறைத்தும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவருக்குப் பயப்பட இதில் எதுவும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அரசாங்கக் கடிதம் என்றாலே வயிற்றைக் கலக்கும். அது எங்கிருந்து வந்த பயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த நாட்டில் அரசாங்கமே “சொல்லுங்கள்” என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதால் பைல் பத்திரமாகிவிடாது.

இனி, 2025இல் என்ன நடந்தது என்று பார்ப்போம். ‘நிறுத்திவிட்டார்கள்’ என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி.

அந்த வருடம் மார்ச் 18ஆம் திகதி தொழிற்கட்சி அரசாங்கம் ஒரு கிரீன் பேப்பர், அதாவது திட்டத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்கும் அறிக்கை, வெளியிட்டது. அதில் பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு – சமையல், குளிப்பு, உடுப்பு மாதிரி விஷயங்களுக்குப் புள்ளி போடும் பகுதிக்கு – ஒரு புது விதி இருந்தது. மொத்தம் 8 புள்ளி வந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு விஷயத்திலாவது 4 புள்ளி வரவேண்டும், 2026 நவம்பரிலிருந்து நடைமுறை என்றார்கள். உங்கள் வீட்டுக்காரரின் நான்கு இரண்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒன்றுகூட நான்கு இல்லை. அந்த விதி வந்திருந்தால் அடுத்த மறுபரிசீலனையில் அந்தப் பகுதியில் அவருக்கு ஒரு சதமும் கிடையாது.

அந்தப் புள்ளி அட்டவணையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் தேவை என்றால் 2 புள்ளி. தலை கழுவ ஆள் தேவை என்றாலும் 2. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் கழுவ ஆள் தேவை என்றால் 4. உடுப்பிலும் அப்படித்தான்: காற்சட்டை போட்டுவிட 2, சட்டை போட்டுவிட 4. ஒரு மனிதனுடைய சிரமத்தை இடுப்பில் கோடு போட்டுப் பிரித்து, மேல் பாதிக்கு ஒரு விலையும் கீழ் பாதிக்கு ஒரு விலையும் வைத்திருக்கிறார்கள். இதை எழுதியவர் யாருக்காவது காலுறை போட்டுவிட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025-26இல் பிப்பின் அந்தப் பகுதிக்குச் சாதாரண வீதம் வாரம் 73.90 பவுண், கேரர் அலவன்ஸ் 83.30. அவருடைய அன்றாட வாழ்க்கைப் பகுதி நின்றால் உங்கள் அலவன்ஸும் கூடவே நிற்கும். இரண்டும் சேர்ந்து வாரம் 157.20 பவுண், வருடத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேலே. அரசாங்கத்தின் சொந்தக் கணக்குப்படியே, அப்போது பிப் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் 370,000 பேர் 2029-30க்குள் அதை இழந்திருப்பார்கள்.

சரி, இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பற்றி மக்களிடம் என்ன கேட்டார்கள்? இந்த விதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவேயில்லை. அது முடிவான சங்கதி என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த விதியால் பிப்பை இழக்கப்போகிறவர்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று ஒரு கேள்வி வைத்தார்கள். வீட்டை இடிக்கலாமா என்று கேட்காமல், இடித்த பிறகு எந்த நிறத்தில் கூடாரம் வேண்டும் என்று கேட்ட மாதிரி. கருத்துக் கேட்பு ஜூன் 30ஆம் திகதி முடிந்தது. சட்டமூலம் அடுத்த நாளே, ஜூலை 1ஆம் திகதி, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. வந்து குவிந்த பதில்களை அந்த ஒரு இரவில் யார் வாசித்திருப்பார்கள்?

அப்படியானால் எது நிறுத்தியது? தொழிற்கட்சியின் எம்பிக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஏற்கெனவே பிப் எடுப்பவர்களுக்கு விதி பொருந்தாது என்று அரசாங்கம் முதலில் இறங்கி வந்தது. அதுவும் போதாமல், ஜூலை 1ஆம் திகதி விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, அந்தப் பிரிவையே எடுத்துவிடுகிறோம் என்றார். அந்த எம்பிக்கள் ஒரே இரவில் மனம் மாறியவர்கள் அல்ல. மாதக்கணக்காக அவர்களுடைய மக்கள் சந்திப்புகளில் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், கடிதங்களும் வந்துகொண்டேயிருந்தன.

இது முதல் தடவையும் அல்ல. 2015 டிசம்பரில் கன்சர்வேடிவ் அரசாங்கம், கைபிடி, ஷவர் இருக்கை மாதிரி உபகரணங்களுக்குக் கொடுக்கும் புள்ளியைக் குறைக்கலாமா என்று கருத்துக் கேட்டது. எதிர்ப்பு வந்தும், 2016 மார்ச்சில் குறைக்கிறோம் என்று அறிவித்தது. ஒரே வாரத்தில் அந்தத் துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் திட்டத்தைக் கைவிட்டார். அன்று அது நடந்திருந்தால், உங்கள் வீட்டுக் கழிப்பறைக் கைபிடிக்கு இன்றைக்கு 2 புள்ளி இருந்திருக்காது.

ஆகவே ‘எழுதி என்ன பிரயோசனம்’ என்ற கேள்விக்கு என் பதில்: கருத்துக் கேட்கும் அரசாங்கத் துறைக்கு மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் பிரயோசனம் குறைவு. அதே பக்கத்தை உங்கள் எம்பிக்கும் அனுப்புங்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை கூட.

முதலாவதை விட்டுவிடலாமா என்றால், கூடாது. அதற்குச் சட்டத்தில் ஒரு பெறுமதி இருக்கிறது, அது தொடங்கியதே உங்கள் பக்கத்தில்தான். 1985இல் உங்கள் பிரென்ட் கவுன்சில் பள்ளிக்கூடங்களை மூடவும் ஒன்றாக்கவும் திட்டமிட்டபோது பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கருத்துக் கேட்பதென்றால் முடிவெடுக்கும் முன்பே கேட்கவேண்டும், காரணத்தை விளங்கும்படி சொல்லவேண்டும், போதிய அவகாசம் தரவேண்டும், வந்த பதிலை மனச்சாட்சியோடு பரிசீலிக்கவேண்டும் என்ற நான்கு அளவுகோல்கள் அந்த வழக்கில்தான் வந்தன. இன்றுவரை நீதிமன்றங்கள் அவற்றை வைத்துத்தான் அளக்கின்றன. 2023இல் வேலை செய்ய இயலுமா என்று பார்க்கும் மதிப்பீட்டை இறுக்குவதற்கு, எட்டு வாரத்துக்கும் குறைந்த அவகாசத்தில் கருத்துக் கேட்டார்கள். எலன் கிளிஃபோர்ட் என்ற மாற்றுத்திறனாளிச் செயற்பாட்டாளர் வழக்குப் போட்டார். அந்தக் கருத்துக் கேட்பே சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவகாசம் போதவில்லை, செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்பதை ஒளித்து ‘வேலைக்குப் போக உதவி’ என்று காட்டினார்கள் என்பவை காரணங்கள். ஆக, பதில் எழுதி வைப்பது ஒரு சாட்சியம். பிறகு யாராவது வழக்குக்குப் போனால், சொல்லியும் கேட்கவில்லை என்று காட்ட அது இருக்கும்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். பிப் விதி நின்றது. ஆனால் யுனிவர்சல் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான கொடுப்பனவின் உடல்நலத் தொகையில் கைவைத்தது சட்டமாகிவிட்டது: 2026 ஏப்ரல் முதல் புதிதாக எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஏறக்குறையப் பாதிதான். மிகக் கடுமையான, மாறாத நோய் உள்ளவர்களுக்கும் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. பிப்புக்கு என்ன புள்ளி, எதற்குப் புள்ளி என்பதை முழுதாகத் திரும்பப் பார்ப்பதுதான் நீங்கள் கேள்விப்பட்ட டிம்ஸ் ஆய்வு. மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு நடத்தி, 2026 இலையுதிர் காலத்துக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடுப்புக் கோட்டைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் வராது.

எப்படி எழுதுவது? ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் தமிழில் சொல்லுங்கள், மகன் எழுதட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் சொந்தமாக அழகுபடுத்தத் தொடங்குவார்கள். ‘என் தந்தை அன்றாட வாழ்வில் பல சவால்களை எதிர்கொள்கிறார்’ என்று எழுதுவான். விடாதீர்கள். அப்படி ஆயிரம் கடிதம் வரும். ஏதாவது அமைப்பு அச்சடித்துத் தந்த மாதிரிக் கடிதமும் வேண்டாம். ஒரே வாசகம் நிறையப் பேரிடமிருந்து போனால் வாசிப்பவர் அதை ஒரு கட்டாகக் கட்டி எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்வார். இப்படி இருக்கட்டும்:

“காலை ஏழு மணிக்கு அவருடைய விரல் மடங்காது. பத்து மணிவரை தேத்தண்ணிக் கோப்பையின் காதைப் பிடிக்க முடியாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடிப்பார். காற்சட்டையை முழங்கால்வரை நான் ஏற்றிவிடுவேன். அவர் கைபிடியைப் பிடித்து எழுந்து நின்ற பிறகு மீதியை இழுத்துவிட்டுப் பொத்தான் பூட்டுவேன். வாரத்தில் ஐந்து நாள் இப்படித்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தால் சனிக்கிழமை கட்டிலை விட்டு எழும்பமாட்டார்.”

உங்கள் வீட்டில் நடப்பது இதிலிருந்து வேறாக இருக்கும், அதை எழுதுங்கள். ‘வாரத்தில் ஐந்து நாள்’ என்று போட்டதற்குக் காரணம் உண்டு. பாதி நாளுக்கு மேல் அந்தச் சிரமம் இருக்கிறதா என்பதைத்தான் பிப் விதி பார்க்கிறது. ஒரு வேலையைப் பத்திரமாக, ஒழுங்காக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதும் விதியிலேயே இருக்கிறது. கோயிலுக்குப் போன கதை அதற்குத்தான்.

அப்புறம் காசு எங்கே போகிறது என்று நாலு வரி: குளிர்காலத்தில் மூட்டு இறுகாமல் இருக்க ஹீட்டர் எவ்வளவு நேரம் எரிகிறது, மருத்துவமனைக்குப் போக டாக்சிக்கு எவ்வளவு. அவருடைய பிப் நின்றால் உங்கள் அலவன்ஸும் நிற்கும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், பலருக்கு அது தோன்றுவதேயில்லை. கேட்காத கேள்விக்கும் பதில் எழுதலாம். கேள்வித்தாள் சுற்றி வளைத்துக் கேட்டால், முதல் பெட்டியிலேயே ‘இந்த மாற்றத்தை எதிர்க்கிறேன், காரணம் இது’ என்று போட்டுவிட்டு மற்றதுக்குப் போங்கள். எல்லாப் பெட்டியையும் நிரப்பவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எம்பிக்கு அனுப்பும்போது வீட்டு விலாசத்தையும் போஸ்ட்கோடையும் மறக்காமல் போடுங்கள். தன் தொகுதி ஆள் என்று தெரிந்தால்தான் அவர்களுடைய அலுவலகம் எடுத்துப் பார்க்கும். முடிந்தால் மக்கள் சந்திப்புக்கு நேரம் கேட்டு நேரிலும் போங்கள். பிப் எடுக்கும் மற்ற ஆட்களுக்கும் சொல்லுங்கள். ஸ்கொட்லாந்தில் இருக்கும் உறவுகளுக்கு இது பொருந்தாது, அங்கே பிப்புக்குப் பதிலாக வேறு கொடுப்பனவு, வேறு அரசாங்கம்.

கடைசியாக ஒன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. இவர் விடாததற்குப் பைல் பயம் மட்டும்தான் காரணமா என்று யோசித்துப் பாருங்கள். காற்சட்டைக் கதையும் கழிப்பறைக் கதையும் அந்நியர் கையில் போவது, அதுவும் மகன் கையால் எழுதப்படுவது, ஒரு ஆண்பிள்ளைக்குப் பெரிய வேதனை. வெளியில் சொல்லமாட்டார். மகனைக் கூப்பிடும் முன்பு நீங்கள் இருவரும் தனியாக இருந்து, எதை எழுதலாம், எதை விடலாம் என்று பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கழிப்பறையை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் எழுதினாலும் கடிதம் நிற்கும்.