சியாச்சினில் எல்லைக் கோடு ஏன் பாதியில் நிற்கிறது?

இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த 1949 கராச்சி ஒப்பந்தம் காஷ்மீரின் போர்நிறுத்தக் கோட்டை என்ஜே 9842 என்ற வரைபடப் புள்ளிக்கு அருகே முடித்து, 'அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை' என்று விட்டுவிட்டது. ஆளில்லாப் பனிக்காட்டுக்கு யார் சண்டை போடுவார்கள் என்ற நினைப்பு! 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் வரைந்த கட்டுப்பாட்டுக் கோடும் அங்கேயே நின்றது.

வினையே அந்த வரிதான். இந்தியா அதை சியாச்சினுக்கு மேற்கே உள்ள சால்டோரோ மலைமுகட்டின் வழியே வாசிக்கிறது. பாகிஸ்தானோ வடகிழக்கே காரகோரம் கணவாய்க்குக் கோடு இழுக்கிறது. சுமார் 76 கி.மீ. நீளமுள்ள சியாச்சின் பனியாறு இடையில் மாட்டிக்கொண்டது. 1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை முந்திக்கொண்டு முகட்டுக் கணவாய்களைப் பிடித்தது. பாகிஸ்தான் வீரர்கள் நிற்பது பனியாற்றில் அல்ல, மேற்குச் சரிவில். பலர் இதைக் கவனிப்பதில்லை.

2003 முதல் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்தன. ஆனால் தற்போதைய நிலைகளை வரைபடத்தில் குறித்த பிறகே படை விலகல் என்கிறது இந்தியா. குறித்தால் இந்தியாவின் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பாகிஸ்தான் மறுக்கிறது.