ஏப்ரலில் இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் நேரோபோட் (ஒடுங்கிய நீளப் படகு): ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்?

மைல்களையும் லாக்குகளையும் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டிகள்) கூட்டி மூன்றால் வகுங்கள்; வருவது மணி நேரம். 12 மைல், 6 லாக் என்றால் சுமார் 6 மணி நேரம். வேக வரம்பே மணிக்கு 4 மைல்தான்.

மழைக்குக் கோட்டு போதும். குடை வேண்டாம், ஒரு கை எப்போதும் டில்லரில் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) இருக்க வேண்டும். உண்மையான தொல்லை காற்றுதான். தட்டை அடிப் படகு, தண்ணீருக்குள் இரண்டடியே இருக்கும். பக்கக் காற்று படகின் மூக்கைத் தள்ளிவிடும். ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளினால்தான் சுக்கான் பிடிக்கும், ரிவர்ஸில் கிட்டத்தட்ட பிடிக்கவே பிடிக்காது. அதனால் மூக்கைக் காற்றுப் பக்கம் சற்றுத் திருப்பியே ஓட்டுங்கள். கரை சேர்ந்ததும் முதலில் படகின் நடுவில் கட்டிய கயிற்றைப் பிடியுங்கள்.

லாக்கில் இறங்கும்போது படகின் பின்பகுதி லாக் ஓரத்தில் வரைந்த வெள்ளைக்கோட்டுக்கு முன்னாலேயே இருக்கட்டும். மேல்கதவையொட்டி நீருக்குள் கல்திட்டு மறைந்திருக்கும். அதில் மாட்டினால், தண்ணீர் வடிய வடிய மூக்கு கவிழ்ந்து படகு மூழ்கும்.