டிரஸ்ட் பேரில் நிலம், டிரஸ்ட் மேல் வழக்கு: வாசகர் கேள்விகள்

எங்கள் கல்வி டிரஸ்டுக்கு ஒருவர் நிலம் தருகிறார். டிரஸ்ட் பேரிலேயே பத்திரம் பதியலாமா?

நடைமுறையில் பதிகிறார்கள், பட்டாவும் வாங்குகிறார்கள். ஆனால் கம்பெனியைப் போல டிரஸ்ட் தனியொரு சட்ட நபர் (தன் பேரிலேயே சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் சட்டம் அனுமதிக்கும் அமைப்பு) அல்ல. 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படியுங்கள்: சொத்தை வைத்திருப்பவர் மேல் சுமத்தப்பட்ட கடமைதான் டிரஸ்ட். நிலம் டிரஸ்டிகள் கையில் நிற்கும். அனுபவிக்கும் உரிமை பயனாளிகளுக்கு. அந்தச் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது என்றாலும், பொது அறக்கட்டளைகளிலும் நீதிமன்றங்கள் இதே அடிப்படையில்தான் பார்க்கின்றன. அதனால் 'இன்ன டிரஸ்டுக்காக, அதன் டிரஸ்டிகள் இன்னார்' என்று எல்லாப் பெயர்களையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். கோயில் சாமி பேரில் நிலம் இருக்கிறதே என்று கேட்கலாம். தெய்வத்தைச் சட்ட நபராக நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அந்தத் தகுதி டிரஸ்டுக்கு இல்லை.

என் கட்டடத்தில் இருக்கும் டிரஸ்ட் வாடகை தரவில்லை. மேனேஜிங் டிரஸ்டி மேல் மட்டும் வழக்குப் போட்டால் போதுமா?

போதாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 31, விதி 2-இன்படி எல்லா டிரஸ்டிகளையும் சேர்க்க வேண்டும். டிரஸ்ட் பத்திரத்தின் நகலை வாங்கி, இன்றைக்குப் பொறுப்பில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்.

டிரஸ்ட் கொடுத்த செக் திரும்பிவிட்டது. டிரஸ்டையும் எதிரியாகச் சேர்க்கணுமா?

வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட டிரஸ்டி மேலேயே வழக்குத் தொடரலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள்: செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும்.

ஊர்ப் பொது அறக்கட்டளை நிலத்தை டிரஸ்டி தன் மகனுக்குத் தானமாக எழுதிவிட்டார். நாங்கள் டிரஸ்டிகள் இல்லையே, என்ன செய்வது?

இதைக் கட்டாயம் விடக்கூடாது. அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். டிரஸ்டியை நீக்கவும் கணக்குக் கேட்கவும் புது டிரஸ்டியை நியமிக்கவும் அதில் வழி உண்டு. மகனிடம் பணம் வாங்காமல் டிரஸ்டி எழுதிக் கொடுத்த நிலம் என்பதால், அதை மீட்கும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கெடு வைக்கவில்லை. முதலில் வில்லங்கச் சான்றும் அந்தத் தானப் பத்திரத்தின் நகலும் எடுங்கள். மகன் அதை வேறு யாருக்காவது விற்பதற்குள் தடை உத்தரவு கேட்க வேண்டும்.