பேரிங்கைக் குப்பையில் போட்டுவிட்டு வழக்குக்கு வராதீர்கள்

கேள்வி:

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவரிடம் பழைய 250 சிசி டர்ட் பைக் வாங்கினேன், விலை 46,000 ராண்ட். அவர் கடைக்காரர் இல்லை, தன் சொந்த வண்டியைத்தான் விற்றார். என் மைத்துனருக்குத் தெரிந்த குடும்பம், ஒரே கோவிலில் காவடி எடுத்தவர்கள். ஓட்டிப் பார்த்தபோதே பின்னால் லேசாகச் சத்தம் கேட்டது. கேட்டதற்கு, "அது செயின் தளர்ச்சி. லிங்கேஜ் பேரிங் எல்லாம் போன மாசம்தான் புதுசா மாத்தினேன்" என்றார். (லிங்கேஜ் என்பது பின்சக்கர ஷாக்கை வண்டியோடு இணைக்கும் பாகம்.) அதற்கு முன் வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதியிருந்தார். ரசீதில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் சத்தம் பெரிதாகிவிட்டது. கரும்புத் தோட்டத்து மேடு பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் 'டொக் டொக்' என்று அடிக்கிறது. ஆற்றில் இறக்கிச் சேறானதால் பிரஷர் வாஷரில் கழுவினேன், அதற்குப் பிறகும் அப்படியேதான். போன் செய்தால் எடுப்பதில்லை. சேமிப்பெல்லாம் போய்விட்டது, வீட்டில் தினமும் சண்டை. அவர் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு 'திருடன்' என்று எழுதலாம் என்றிருக்கிறேன். நுகர்வோர் சட்டத்தில் ஆறு மாத உத்தரவாதம் உண்டு என்கிறார் நண்பர். வரும் சனிக்கிழமை என் சித்தப்பா மகன் பேரிங் கிட் மாற்றித் தருகிறான். அந்தப் பில்லை வைத்து முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாமா?

பதில்:

சனிக்கிழமை வேலையை நிறுத்துங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

காவடி, மைத்துனர், எடுக்காத போன், வீட்டுச் சண்டை எல்லாம் கேட்க வருத்தமாக இருக்கிறது. நீதிமன்றத்தில் இவற்றில் ஒன்றுக்கும் வேலையில்லை. உங்கள் கடிதத்தில் வழக்காகக்கூடியது ஒரே வரிதான்: "லிங்கேஜ் பேரிங் எல்லாம் போன மாசம்தான் புதுசா மாத்தினேன்." அது எழுத்தில் இருக்கிறது, பணம் கைமாறுவதற்கு முன் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் செய்தியை, தேதியும் அவருடைய எண்ணும் தெரியும்படி, முழு உரையாடலோடு சேர்த்து இன்றே எங்காவது பத்திரப்படுத்துங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்து வைப்பது போதாது. போன் தண்ணீரில் விழுந்தால் வழக்கும் அதோடு போகும்.

நண்பர் சொன்ன ஆறு மாதம் 2008-ஆம் வருஷத்து 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. வியாபாரமாக விற்பவருக்குத்தான் அது பொருந்தும். வீட்டில் நின்ற தன் வண்டியை ஒருமுறை விற்றவரை அது தொடாது. அவர் மாதாமாதம் வண்டி வாங்கி விற்கிறவர் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. அவருடைய பழைய விளம்பரங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் நுகர்வோர் சட்டத்தை மறந்துவிடுங்கள்.

மிஞ்சுவது நம் பொதுச் சட்டம். அங்கே ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற சொல் பலமான கவசம். உள்ளே மறைந்திருக்கும் குறைகளுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்பதுதான் அதன் பொருள். அதை உடைக்க, குறை அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும் என்று 1991-இல் வான் டெர் மெர்வ எதிர் மீட்ஸ் வழக்கில் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. பொதுவாக இது மலையைப் புரட்டுகிற வேலை. உங்களுக்கு அவரே பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார். தானே பேரிங் மாற்றியதாக ஒருவர் சொல்ல, உள்ளே பல வருஷத்துத் துரு இருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்ல இடமே இல்லை. தவிர, வெறும் புகழ்ச்சியைத் தாண்டி, பொருளின் தன்மையைப் பற்றி விற்பவர் சொன்ன குறிப்பான பேச்சு பொய்யானால் விலையைக் குறைக்கக் கோரலாம் என்பது 1973-இல் ஃபேம் எதிர் பைசஸ் வழக்கிலிருந்து நிலைத்த விதி. 'சூப்பர் வண்டி' என்பது புகழ்ச்சி. 'போன மாசம் புது பேரிங்' அப்படியல்ல.

ஆக எல்லாம் அந்த பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பதில் நிற்கிறது. அதைத்தான் உங்கள் சித்தப்பா மகன் சனிக்கிழமை சுத்தியலால் தட்டி வெளியே எடுத்துக் குப்பையில் போடப் போகிறான்.

இந்தக் குழியில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் புது கிட்டின் பெட்டியையும் பில்லையும் கொண்டு வந்தார். பழைய பேரிங் எங்கே என்றேன். "அது எதுக்கு சார், துரு பிடிச்சிருந்தது, ஒர்க்‌ஷாப்ல போட்டுட்டாங்க" என்றார். துரு பிடித்திருந்தது என்று காட்ட அவர் கையில் ஒன்றும் இல்லை. எதிரி அமைதியாக, "நான் மாற்றியது உண்மை, இவர் வீணாகக் கழற்றி வேறு போட்டிருக்கிறார்" என்றார். முடிந்தது. புது பேரிங் வாங்கிய பில், நீங்கள் புது பேரிங் வாங்கினீர்கள் என்பதை மட்டும்தான் நிரூபிக்கும்.

சரி, திறப்பதற்கு முன், சத்தம் உண்மையில் அங்கிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பின்பக்கத்துச் சத்தம் எல்லாம் லிங்கேஜ் இல்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். ஒருவர் சக்கரத்தைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கித் தூக்கி விட, இன்னொருவர் லிங்கேஜ் போல்ட்டுகள் மேல் விரலை வைத்திருக்கட்டும். ஷாக் அழுந்தத் தொடங்கும் முன்பே 'க்ளிக்' என்று ஒரு ஆட்டம் விரலில் தட்டுப்பட்டால் லிங்கேஜ் பேரிங்கோ, ஷாக்கின் மேல் முனை, கீழ் முனை பேரிங்கோ போயிருக்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் ஆடுகிறது என்றால் ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) திரும்பும் அச்சான பிவோட் அல்லது சக்கர பேரிங். இரண்டும் இல்லாமல் செயின் ஸ்லைடர் (செயின் உரசாமல் காக்கும் பட்டை) தேய்ந்து செயின் ஸ்விங்ஆர்மை அறைகிறதா, ஸ்போக் தளர்ந்திருக்கிறதா, சீட்டைத் தாங்கும் சப்ஃபிரேமின் போல்ட் லூசா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் வீடியோ எடுங்கள், ஹவர் மீட்டர் இருந்தால் அதன் எண்ணும் படத்தில் விழட்டும். சத்தம் செயின் ஸ்லைடரிலிருந்து வருகிறது, லிங்கேஜ் கல்லாக நிற்கிறது என்றால் அவர் சொன்னது பொய்யே இல்லை. ஒரு ஸ்லைடரை வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். (சில கேடிஎம் எண்டூரோ மாடல்களில் லிங்கேஜே கிடையாது, ஷாக் நேராக ஸ்விங்ஆர்மில் உட்காரும். உங்களுடையது அப்படிப்பட்ட வண்டியாக இருந்தால், இல்லாத பேரிங்கை மாற்றியதாக எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.)

லிங்கேஜ்தான் என்று தெரிந்தால், திறக்கும் முன் அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்: இன்ன தேதி, இன்ன ஒர்க்‌ஷாப்பில் திறக்கிறோம், நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ வந்து பார்க்கலாம். வரமாட்டார், பரவாயில்லை. சொன்னீர்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். ஒர்க்‌ஷாப் உங்கள் சொந்தக்காரனுடையதாக இருக்கக் கூடாது. சித்தப்பா மகன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அவன் வாயிலிருந்து வரும் சாட்சிக்கு எடை குறைவு. கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நீடில் பேரிங்கில் ஊசி போன்ற உருளைகள் பழுப்புப் பொடியாகிக் கொட்டுகிறதா, உள்ளே இருக்கும் ஸ்லீவில் (எஃகுக் குழாயில்) ஊசி ஊசியாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மெக்கானிக் தன் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்ததெல்லாம், ஸ்லீவ் உள்பட, துடைக்காமல் ஒரு பையில் போட்டுப் பெயர், தேதி எழுதி உங்கள் கைக்கு வர வேண்டும்.

ஸ்லீவை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், எதிரியின் முதல் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஆற்றில் இறக்கினீர்கள், பிரஷர் வாஷரில் கழுவினீர்கள். பிரஷர் வாஷர் கிரீஸை வெளியே தள்ளித் தண்ணீரை உள்ளே விடும், துரு சில நாளிலேயே மேலே படியும். 'நான் போட்ட புது பேரிங்கை இவர்தான் கெடுத்தார்' என்று அவர் சொல்வார், வெறும் துருவை மட்டும் பார்த்தால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) தீர்ப்புச் சொல்லும் கமிஷனருக்கும் அது நியாயமாகப் படும். ஆனால் கடினமான எஃகு ஸ்லீவில் ஆழமாகப் பள்ளம் விழுவது மூன்று வாரத்து வேலை இல்லை. மெக்கானிக் அந்த வித்தியாசத்தைத் தன் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தாலோ, 'ரெண்டு விதமாகவும் இருக்கலாம்' என்றாலோ, உங்கள் வழக்கு இருந்த இடத்திலேயே சாய்கிறது.

இன்னொன்று. ஓட்டிப் பார்த்தபோதே சத்தம் கேட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்த குறைக்கு வாங்குபவர்தான் பொறுப்பு. இதை மறைக்க நினைக்காதீர்கள், மைத்துனரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர் வாயிலிருந்தே வரும். நீங்களே முதலில் சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள்: சத்தம் கேட்டேன், என்ன என்று கேட்டேன், செயின் என்றார், பேரிங் புதுசு என்றார், அதை நம்பித்தான் வாங்கினேன். பாதி சொன்னால் தோற்பீர்கள். முழுதாகச் சொன்னால் அவருடைய பொய்க்கு அதுவே இன்னொரு சாட்சி.

முழுப் பணமும் திரும்பக் கேட்கலாமா என்றால், என் பதில்: வேண்டாம். விற்பனையை ரத்து செய்ய வேண்டுமானால் குறை தெரிந்த பிறகு வண்டியைச் சொந்தம்போல ஓட்டியிருக்கக் கூடாது, வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்க முடிய வேண்டும். சத்தம் பெரிதான பிறகும் கரும்புத் தோட்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. இன்றோடு நிறுத்துங்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டின் எல்லையும் 20,000 ராண்ட்தான், 46,000-க்கு மாஜிஸ்திரேட் கோர்ட் போக வேண்டும். அங்கே வக்கீல் செலவு வண்டியைத் தின்றுவிடும். நானே வக்கீல், அதனால் சொல்கிறேன்.

விலைக் குறைப்புக் கோரிக்கைக்கு இந்தத் தடைகள் இல்லை. பழுது பார்க்கும் செலவை அளவாக வைத்துக் கேட்கலாம், ஸ்மால் கிளெய்ம்ஸ் எல்லைக்குள் அடங்கும். பதினான்கு நாள் நோட்டீஸ், மனு, ஷெரிஃப், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் கோர்ட் குமாஸ்தா சொல்லித் தருவார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோர்ட்டிலேயே போடுங்கள், அவர் குடியிருப்பது அங்கேதான். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அங்கே கமிஷனர் சொன்னதுதான் முடிவு, அப்பீல் கிடையாது. காலக்கெடு மூன்று வருஷம் இருக்கிறது, அதற்காக அவசரப்பட வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் படம் போடாதீர்கள். 'திருடன்' என்று எழுதினால் அவதூறு. அவதூறு வழக்கை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் எடுக்காது, அவர் வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் போடுவார். வக்கீல் செலவோடு அங்கே போய் நிற்க வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள். 'பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவேன்' என்றும் எழுதி அனுப்பாதீர்கள், மிரட்டிப் பணம் பறிப்பதாகப் படிக்க வசதியாக இருக்கும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: லிங்கேஜ் கிட்டும் கூலியும் சேர்த்து சில ஆயிரம் ராண்டுக்குள் முடிகிற சமாச்சாரம் என்றால் சமாதானம் பேசுங்கள். ஜாப் கார்டையும் பேரிங் படத்தையும் அவருடைய சொந்த வாட்ஸ்அப் வரியையும் ஒன்றாக வைத்து, சமாதானத்துக்காக மட்டும் எழுதப்படுவது என்று தலைப்பில் குறித்து, பாதிச் செலவு கேளுங்கள். தன் பொய்யைப் படத்தோடு பார்த்தவர் பெரும்பாலும் பாதி தந்துவிடுவார், 'பொய் சொன்னேன்' என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதை எதிர்பார்த்துத்தான் பேச்சு நிறையக் கெட்டுப்போகிறது.

ஆனால் எதிலும் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற வாசகத்துக்குக் கையெழுத்துப் போடும் முன், பின்பக்கம் முழுவதையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். லிங்கேஜுக்கு கிரீஸ் காட்டாத ஆள் ஸ்விங்ஆர்ம் பிவோட்டுக்கும் காட்டியிருக்க மாட்டார். அந்த பிவோட் போல்ட் துருவில் இறுகிப்போயிருந்தால் அதைக் கழற்றுவதற்கே தனிக் கூலி ஆகும். இரண்டாயிரத்துக்குச் சமாதானம் ஆகிவிட்டு, அடுத்த வாரம் ஷாக் எண்ணெய் கசிகிறது, பிவோட் போய்விட்டது என்று என்னிடம் வந்தவர்களுக்கு நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. ஆகவே திறக்கிற அன்றே ஷாக் சீல், பிவோட், சக்கர பேரிங் எல்லாவற்றையும் அந்த ஒரே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எது அவருடைய வரிக்குள் வருகிறது, எது பழைய வண்டியின் சாதாரணத் தேய்மானம் என்று பிரித்துக் கேளுங்கள். தேய்மானத்தையும் சேர்த்துக் கேட்டால் நியாயமான பங்கும் போய்விடும். பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், ஏறும் என்று சொன்னதற்கு அல்ல.