கம்பு நடையும் குளத்தங்கரையும்

அன்புள்ள ஐயா,

நான் மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் பின்லாந்தில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அவளோடு இருந்தபோது, என் கையில் இரண்டு கம்புகளைக் கொடுத்து நார்டிக் நடை பழக்கிவிட்டாள். பனி உருகிய காட்டுப்பாதையில் நடப்போம். பெருங்கொக்குகள் கூட்டமாகத் திரும்பி வருவதை அங்கேதான் பார்த்தேன். ஊருக்கு வந்த பிறகும் கம்பை விடவில்லை. ஆனால் இங்கே அது வெறும் உடற்பயிற்சியாகிவிட்டது. நமக்கு வசந்தம் என்று ஒன்று உண்டா? தை முடிந்தால் வெயில்தானே? எதைப் பார்த்துக்கொண்டு நடப்பது? கம்புச் சத்தத்துக்குப் பறவைகள் பறந்துவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்டு. நம் குமரி மாவட்டத்தில் நன்றாகவே உண்டு. பின்லாந்தில் நீங்கள் பார்த்தது பறவைகள் வந்து சேரும் காலம். மாசி, பங்குனியில் நம் குளங்களில் அவை கிளம்பத் தயாராகின்றன. பொரி உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் சேற்றில் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி இரை பொறுக்கும் சின்னப் பறவை. பின்லாந்தின் சதுப்பு நிலங்களிலும் அது முட்டையிடுகிறது. அங்கே உள்ளவை குளிருக்குப் பெரும்பாலும் ஆப்பிரிக்கா போகின்றன, நம்மிடம் வருபவை இன்னும் கிழக்கே இருந்து வருகின்றன. ஆனாலும் இனம் ஒன்றுதான். இங்கே நீங்கள் வழியனுப்பும் அதே இனப் பறவையை, மே மாதத்தில் மகள் அங்கே பார்க்கலாம்.

நடப்பதற்கு நான் சொல்லும் இடம் தேரூர், சுசீந்திரம் குளக்கரைகள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த நீர்நிலைகள் இவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் வடக்கே போவதற்குள் பார்த்துவிட வேண்டும். அவை போனாலும் குளம் காலியாவதில்லை. இங்கேயே இருக்கிற பறவைகள் அப்போதுதான் நிறம் மாறுகின்றன. மண் நிறத்தில் கிடந்த மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். உண்ணிக்கொக்கின் வெள்ளைத் தலையில் மஞ்சள் ஏறும்.

எனக்கு மிகப் பிடித்தது நீளவால் இலைக்கோழி. மார்கழியில் பார்த்தால் ஏதோ ஒரு பழுப்புப் பறவை என்று தாண்டிப் போய்விடுவோம். கோடை நெருங்க நெருங்க வயிறு கறுத்து, பிடரியில் பொன்னிறம் வந்து, அரிவாளாய் வளைந்த வால் ஒன்று முளைத்துவிடும். நீண்ட விரல்களை அகல விரித்துத் தாமரை இலைமேல் அது நடப்பதைப் பாருங்கள். இலை லேசாக அமிழும், விளிம்பில் தண்ணீர் ஏறுவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். பெண் அடுத்த ஆணோடு சேர்ந்து அடுத்த கூட்டில் முட்டையிடும். இதையெல்லாம் பஸ்ஸில் போகும் தூரத்தில் வைத்துக்கொண்டு நமக்கு வசந்தம் இல்லை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேரூர்வரை போக முடியாத நாட்களில் உங்கள் ஊர் ரப்பர் தோட்ட ஓரமே போதும். மார்கழி, தையில் இலை உதிர்த்த மரங்கள் செம்பு நிறத்தில் தளிர்க்கும்போது தேனீக்கள் மொய்க்கும். பூவுக்காக இல்லை. ரப்பர் இலையின் காம்பும் சிற்றிலைகளும் சேரும் இடத்தில் தேன் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. தாழ்ந்த கிளை ஒன்றைப் பார்த்தால் கண்ணிலேயே தெரியும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் வளர்ப்பாளர்களுக்கு இதுதான் அறுவடைக் காலம்.

சரி, கம்புக்கு வருவோம். பனிச்சறுக்கு வீரர்கள் கோடையில் செய்த பயிற்சியிலிருந்து வந்த நடை இது. கம்பைப் பின்பக்கமாகச் சாய்த்து ஊன்றித் தள்ளும்போது முதுகு நிமிர்கிறது, பார்வையும் தரையை விட்டு மேலே வருகிறது. பறவை பார்க்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? தார் ரோட்டில் உலோக முனை டக் டக் என்று அடிக்கும், அதற்கு ரப்பர் குப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். மண் கரையிலும் சானல்கரையிலும் கழற்றிவிடலாம், பிடிமானம் நன்றாக இருக்கும், சத்தமும் பெரிதாக வராது. குளக்கரைப் பறவைகளுக்கு மனித நடமாட்டம் பழக்கம்தான். அவை மிரள்வது கம்பை நீட்டி "அதோ பார்" என்று காட்டும்போது. ஒருபோதும் அப்படிக் காட்ட வேண்டாம். இன்னொன்று, வேகமாக நடந்துகொண்டே பார்க்க முயலாதீர்கள். கால் மணி நேரம் நன்றாக நடங்கள், அப்புறம் நில்லுங்கள். இரண்டு கம்புகளையும் சேர்த்து ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டால் பைனாகுலர் ஆடாது. எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், அதற்குமேல் வெயில் தாங்காது.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ஆசைப்பட்டுக் காட்டுக்குள் தனியாக இறங்க வேண்டாம். யானை நடமாடும் இடம், வனத்துறை அனுமதியும் வேண்டும்.

கரையை விட்டு இறங்கி, காய்ந்த குளத்தரையில் நடக்கும்போது மட்டும் ரொம்பக் கவனம். பங்குனி முதல் ஆட்காட்டிக் குருவி அங்கேதான் முட்டையிடும். கூடு என்று எதுவும் இருக்காது, சின்னக் குழியில் பெரும்பாலும் நான்கு முட்டை, சரளைக் கல்லின் நிறத்தில். கம்பு முனை பட்டாலே போச்சு. ஆட்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்த்தபடி, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அன்புடன்.